யானின் அம்மா வந்த கலியாண வீடு

போன சனிக்கிழமை தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்துக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். முருங்கைக்காய் சரியில்லை, முறித்துப் பார்த்தால் சணல் கயிறு மாதிரி நார் வந்தது. சும்மா திரும்புவோம் என்று பார்த்த நேரம், கடைக்காரர் வாசலில் வைத்து ஒரு பெரிய காட்போட் பெட்டியைக் கத்தியால் கிழித்தார். உள்ளேயிருந்து ஒரு வாசம் எழுந்தது. புதுப் பிளாஸ்டிக், அதோடு கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் கப்பலில் கிடந்த புழுக்கம். பெட்டி நிறையச் செம்மஞ்சள் நிறத்தில் செவ்வந்தி மாலைகள். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் தொங்கவிடுவோமே, அந்தப் பிளாஸ்டிக் மாலைகள்தான். நான் குனிந்து ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தேன்.

"அக்கா, மாலை வேணுமோ?"

"இல்லைத் தம்பி, சும்மா மணந்து பாக்கிறன்."

அவர் பிளாஸ்டிக் பூவை மணந்து பார்க்கிற பெண்ணிடமிருந்து பெட்டியை மெல்ல ஓரடி தள்ளி வைத்தார். அவரிடம் முழுக் கதையையும் சொல்ல முடியாது, பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாசத்துக்குள் நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்திருக்கிறேன். குரோய்டனில் ட்ராம் பாதையை ஒட்டி ஒரு களஞ்சியம். முதலாளி யோகண்ணை. சீனாவிலிருந்து அலங்காரச் சாமான்கள் இறக்கி லண்டன் முழுக்கத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பார். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக் வாழைக்குலை, மின்சாரக் குத்துவிளக்கு, வெள்ளிபோல மினுங்கும் பன்னீர்ச் செம்பு. நான் கணினிக்கு முன் இருந்து தொழிற்சாலைகளுக்குக் கடிதம் எழுதுவேன். அந்தப் பக்கமிருந்து லில்லி என்று ஒரு பெண் பதில் எழுதுவாள். அது அவளுடைய சொந்தப் பெயரில்லை, வெளிநாட்டுக்காரர் உச்சரிப்பதற்காக வைத்துக்கொண்ட பெயர். எந்தக் கேள்விக்கும் அவளுடைய முதல் வரி ஒன்றுதான்: அன்பான தோழி, கவலை வேண்டாம்.

ஒருமுறை கவலைப்பட வேண்டித்தான் வந்தது. வாசலில் தொங்கவிடும் ‘நல்வரவு’ பலகைகள் ஒரு கொள்கலன் நிறைய வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ‘நவ்ரலவு’. எனக்குத் தலை சுற்றியது. யோகண்ணை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லை பிள்ளை. உள்ள வாற சனம் பசியோட வருகுது. ஆர் எழுத்துக் கூட்டி வாசிக்கப் போகினம்?"

அவர் சொன்னபடியேதான் நடந்தது. எல்லாம் விற்றுப்போயிற்று, ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. இன்றைக்கும் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டு வாசலில் ‘நவ்ரலவு’ தொங்குகிறது. அந்த வழியால் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன்.

ஆனால் அன்று நான் லில்லிக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். அதை அச்சடிக்கிறவர்களுக்கு அது எழுத்து என்றாவது தெரியுமா என்று கேட்டேன். அவள் உண்மையாகவே போய் விசாரித்திருக்கிறாள். மறுநாள் பதில் வந்தது. அவர்கள் அதைப் படம் என்றுதான் நினைத்தார்களாம். மிகவும் அழகான படமாம். அதிலும் கடைசியில் இருப்பது வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும் பூனை என்று ஒரு பெண் சொன்னாளாம்.

நான் ‘வு’ என்று பெரிதாக எழுதிப் பார்த்தேன். பூனைதான். நாற்பது வயதை நெருங்கும்வரை தமிழ் எழுதியும் எனக்கு அந்தப் பூனை தெரியவில்லை. எங்கேயோ ஒரு மேசையில் இருந்து அதைக் கண்டுபிடித்த பெண் யார், அவள் எந்த ஊர், வேலை முடிந்து எங்கே போகிறாள், என்ன சாப்பிடுகிறாள்? பத்து வருடம் ஒரு நாட்டோடு கடிதம் எழுதியும் அங்கே ஒரு மனிதரைக்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த சீனப் புதுவருட விடுமுறைக்குப் பிறகு லில்லியின் இடத்தில் கோகோ என்று ஒருத்தி எழுதினாள். லில்லி எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரியவில்லை.

இப்படித்தான் நான் சீனாவைப் படிக்கப் போனேன். லண்டன் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே இரண்டு வருடத்தில் முடிக்கக்கூடிய முதுகலைப் படிப்பு. பாடம், இன்றைய சீனச் சமூகமும் அதன் மாற்றங்களும். புதன் மத்தியானமும் சனிக்கிழமை காலையும் வகுப்பு. புதன்கிழமை அரைநாள் விடவேண்டும் என்று யோகண்ணையிடம் கேட்டேன். அவர், "படிச்சு முடிச்சா அவங்களோட சீனத்திலயே சண்டை பிடிக்கலாம் என்ன?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார். என் கணவருக்கு வேறு கவலை. நான் அப்போது நான்காவது முறையாக ட்ரைவிங் ரெஸ்ற்றில் தவறியிருந்தேன்.

"முதல்ல ட்ரைவிங்கைப் பாஸ் பண்ணும். சீனா எங்கயும் ஓடிப்போகாது," என்றார்.

அங்கேதான் அவர் பிழைவிட்டார். சீனா ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் ஆசிரியை ஓர் ஆங்கிலேயப் பெண். சைக்கிளில் வருவார். பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் போனபின்தான் தலையில் ஹெல்மெட் இருப்பது அவருக்கு நினைவுவரும். முப்பது வருடமாகச் சீனாவுக்குப் போய்வருகிறவர். அவருடைய குறிப்புத் தாள்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நீல மையில் எழுதியதை வெட்டிச் சிவப்பில் எழுதி, அதையும் வெட்டிப் பென்சிலால் எழுதியிருப்பார். "போன வருடம் நான் பிழையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. போன வருடம் அது சரி," என்பது அவருடைய வழக்கமான வாசகம்.

அதை நான் பட்டறிந்தேன். முதல் வருடத்தில், வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற சட்டத்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினேன். ஒற்றைப் பிள்ளையாக வளர்கிறவர்கள், அத்தை மாமா என்ற உறவே இல்லாமல் போகும் குடும்பங்கள் என்று உருகி உருகி எழுதிவைத்தேன். கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது வானொலியில் செய்தி, சீனாவில் இனி இரண்டு பிள்ளை பெறலாம் என்று. நான் சமையலறையில் வெங்காயத்தோடு நின்றபடி ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது என்ன செய்வது?

"ஒன்றும் வேண்டாம். வினைச்சொற்களை எல்லாம் இறந்தகாலத்துக்கு மாற்றிவிடு," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க இருந்து ‘இருக்கிறது’ என்பதையெல்லாம் ‘இருந்தது’ என்று மாற்றினேன். இந்தக் கட்டுரைக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள்.

வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். தபால்தலை சேர்க்கப் போய்ச் சீனாவில் மாட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஷாங்காயில் வேலைக்குப் போகக் காத்திருந்த ஒரு வங்கிப் பையன், இப்படிக் கலவையான கூட்டம். அதில் ஒரே ஒருத்திதான் சீனாக்காரி. இருபத்தாறு வயது, சீப்பால் இழுத்து வாரியதுபோல நேரான தலைமயிர், யாரையும் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புலமைப்பரிசில் கிடைத்து வந்தவள். ஒருநாள் ஆசிரியை, தெரு நிறைய சைக்கிள்கள் போகும் பழைய பெய்ஜிங் படம் ஒன்றைத் திரையில் காட்டினார். அந்தப் பெண் கையை உயர்த்தி, மிகவும் மரியாதையாக, "இது எந்த நாடு?" என்று கேட்டாள். எங்களோடு ஆசிரியையும் ஹெல்மெட் குலுங்கச் சிரித்தார். அவளுக்குச் சைக்கிள் ஓடவே தெரியாதாம்.

அவளோடு நான் கதைத்தது ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை. அன்றைய பாடம், தாயும் தகப்பனும் தூரத்து நகரத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, ஊரில் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் பற்றியது. ஆங்கிலப் புத்தகங்கள் அவர்களை ‘விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகள்’ என்கின்றன. அந்தச் சொல்லைப் பலகையில் பார்த்ததும் எனக்குள் ஏதோ குத்தியது. வகுப்பில் அதுவரை நான் வாயே திறந்ததில்லை. அன்று கையை உயர்த்தி, யாழ்ப்பாணத்தில் எனக்கு ஏழு வயதாயிருக்கும்போது அப்பா லண்டனுக்கு வெளிக்கிட்டதையும், பதினைந்து வயதில் ஹீத்ரோவில் அவரை மறுபடி கண்டபோது யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற வேறொரு மீசைக்காரரிடம் போனதையும் சொன்னேன். பகிடியாகத்தான் சொன்னேன். வகுப்பும் சிரித்தது. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு தாழ்வாரத்தில் ஓடி வந்து என்னைப் பிடித்தாள். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்கு அது எங்கள் பேச்சிலேயே நினைவிருக்கிறது. அப்படியே சொல்கிறேன்.

"அந்த ஆங்கிலச் சொல் பிழை," என்றாள். "சீனத்தில அது ‘விட்டுட்டுப் போன’ எண்டு இல்லை. ‘இருந்து காவல் காக்கிற’ பிள்ளையள் எண்டுதான் சொல்லுறது. நீ எதைக் காவல் காத்தனி?"

நான் யோசித்தேன். "அப்பான்ர சைக்கிளை. கிழமைக்கு ஒருக்கால் துடைப்பன். அவர் வந்து ஓடுவார் எண்டு."

"நான் அம்மான்ர சப்பாத்தை. கட்டிலுக்குக் கீழ இருந்தது. எலி கடிச்சிட்டுது."

"சைக்கிளை ஆமிக்காரன் கொண்டு போயிட்டான்."

இரண்டு பேரும் எவ்வளவு மோசமான காவல்காரர்கள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வங்கிப் பையன் எங்களைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

அவளுடைய பெயர் யான். சீனத்தில் அது தகைவிலான் குருவியாம். எங்கள் பழைய தமிழில் யான் என்றால் நான் என்று அவளுக்குச் சொன்னேன். "அப்ப உன்ர மொழியில எல்லாரும் என்ர பேரைச் சொல்லித்தான் தங்களைப் பற்றிக் கதைச்சவையோ?" என்று கேட்டு மகிழ்ந்துபோனாள். ஆகவே இந்தக் கட்டுரையில் யான் என்று வரும் இடமெல்லாம் அவளைத்தான் குறிக்கும், என்னையல்ல.

அதன்பின் சனிக்கிழமை மத்தியானங்கள் எங்களுடையவை. நான் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டு போவேன். அவள் நாக்கை மரக்கவைக்கும் மிளகு போட்ட நூடில்ஸ் கொண்டு வருவாள். என்னை ‘அகா’ என்று கூப்பிடப் பழகினாள். ‘க்’ அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. பதிலுக்கு எனக்குச் சீனம் படிப்பித்தாள். அந்த மொழியில் குரலை ஏற்றுவதும் இறக்குவதும் பிசகினால் வேறு அர்த்தம் வந்துவிடும். கள ஆய்வின் முதல் நாள், ஒரு சீன உணவகத்துப் பெரியவரிடம் போய், அழகாக ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். ‘ஒன்று கேட்கலாமா’ என்பது நான் சொல்ல நினைத்தது. என் வாயிலிருந்து வந்தது ‘முத்தமிடுங்கள்’. அவர் கையிலிருந்த தேநீர்க் கேத்தலை மேசையில் வைத்துவிட்டு, நல்ல ஆங்கிலத்தில், முதலில் மனைவியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். யான் அந்த மேசைக்குக் கீழேயே போய்விட்டாள்.

யானுக்குத் தன் தாயோடு ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, தகப்பன் இறந்த பிறகு, தாய் அவளைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுத் தெற்குக் கரையோரத் தொழிற்சாலைகளுக்குப் போயிருந்தார். புதுவருடத்துக்கு எல்லோருடைய தாய்மாரும் ஊருக்கு வருவார்கள். யானின் தாயும் முதலில் வந்தார். பிறகு தொடர்ந்து பதினொரு புதுவருடம் வரவில்லை. காசை ஒழுங்காக அனுப்பினார், ஆனால் வரவில்லை. எங்கே வேலை செய்தார், என்ன செய்தார் என்று கேட்டால் சொல்லவும் மாட்டார். தாய்க்கு வேறொரு குடும்பம் இருந்ததோ என்று ஒரு சந்தேகம் யானுக்குள் சின்ன வயதிலேயே முளைத்துவிட்டது. அதைப் பெரியம்மா தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

"இந்தப் படிப்புக்கு வந்ததே அதுக்குத்தான் அகா," என்றாள் ஒருநாள். "அம்மா சொல்லுறா இல்லை. புத்தகமாவது சொல்லுமோ எண்டு பாத்தன்."

இரண்டாம் வருடக் கோடையில் தாய் லண்டனுக்கு வந்தார். மூன்று கிழமை. யான் அறையைத் துடைத்துத் துடைத்துக் கை தோலுரிந்து போனாள். நான்கு வயதுக்குப் பிறகு அவ்வளவு நாள் தாயோடு ஒரே அறையில் அவள் இருந்ததேயில்லை. நான் அப்போது ஆய்வேட்டுக்காக, வெளியூரில் வேலை செய்து திரும்பிய தாய்மாரைத் தேடிக்கொண்டிருந்தேன். "அம்மாவைப் பேட்டி எடு. நீ கேட்டா சொல்லுவா, நான் கேட்டாச் சொல்ல மாட்டா," என்றாள் யான். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இன்னொருத்தியின் வீட்டுக் காயத்தில் நான் பட்டம் எடுப்பதா என்றும் இருந்தது. ஆனால் போனேன்.

யானின் அம்மாவை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். குள்ளமானவர். வெட்டிய தலைமயிர், இறுக்கிப் பூட்டிய சட்டை. கதிரையில் இருந்தாலும் எழும்பத் தயாராய் நுனியில்தான் இருந்தார். நான் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக் கேள்விகளைக் கேட்டேன். யான் மொழிபெயர்த்தாள். வேலை கஷ்டமாக இருந்ததா? "ஹாய் ஹாவ்," என்றார். அதாவது பரவாயில்லை. தங்குமிடம் எப்படி? பரவாயில்லை. மகளைப் பிரிந்திருந்தது? சட்டை நுனியை இழுத்துவிட்டு, பரவாயில்லை. என்ன தொழிற்சாலை என்றதற்கு மட்டும், "சின்னச் சாமான்," என்றார். முக்கால் மணித்தியாலம் நடந்த பேட்டியில் எனக்குக் கிடைத்தது முழுக்க முழுக்கப் பரவாயில்லை. வெளியே வந்ததும் யான், "பாத்தியோ?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை என் கணவரின் தங்கை மகளுக்குக் கலியாணம். குரோய்டனில் மண்டபம். யானுக்கும் அன்ரிக்கும் அழைப்புச் சொன்னேன். பேட்டியை மறந்துவிட்டு மனுசர் நல்லாய்ச் சாப்பிடட்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு திட்டம் இருக்கவில்லை.

காலை பத்தரைக்கு வந்தார்கள். அன்ரி நீலப் பட்டுச் சட்டை போட்டு, ஒரு சிவப்புப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் வாசலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மண்டபக் கதவு திறந்தது. எங்கள் ஆட்களின் அலங்காரம் உங்களுக்குத் தெரியும்தானே. கூரையிலிருந்து நிலம்வரை செவ்வந்தி மாலைகள். செம்மஞ்சளும் மஞ்சளுமாய், மணவறையைச் சுற்றி, தூண்களைச் சுற்றி, நடக்கும் வழியின் இரு பக்கமும். அன்ரி கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். யானின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

யானுக்கு வெட்கமாகிவிட்டது. "ஆர் செத்தது எண்டு கேக்கிறா."

மஞ்சள் செவ்வந்தி அவர்களுக்குச் செத்தவீட்டுப் பூ. கல்லறையில் வைப்பது. இது கலியாணம் என்று யான் சொன்னாள். அன்ரி நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர் ஊதத் தொடங்கினார். அதுவும் உதவவில்லை. அவர்களுடைய ஊரிலும் அப்படியொரு குழல் உண்டாம், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒன்றைத்தான் ஊதுவார்களாம். கடைசியில் மணப்பெண்ணே வந்தாள். சிவப்புக் கூறைச்சேலை, தலை நிறைய நகை, தோழிகளோடு சிரித்துச் சிரித்து அந்தப் பூக்களுக்கு நடுவால் நடந்து போனாள். சிவப்பு அவர்களுக்கும் கலியாண நிறம், அதைக் கண்டதும்தான் அன்ரிக்கு மூச்சு வந்தது.

பிறகு அவர் தூணருகே போய் ஒரு மாலையைத் தொட்டார். ஒரு பூவைத் திருப்பி, காம்புப் பக்கத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் இதழ்களை ஒரு தரம் அமத்தினார். யானிடம் இரண்டு மூன்று சொல் சொன்னார். யான் என்னிடம் திரும்பவில்லை. தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யான், என்ன?"

"இதைத்தான் செய்தவாவாம். பதினொரு வருசம்."

அன்ரி தன் வலது கட்டைவிரலை எங்களுக்குக் காட்டினார். நகம் ஒரு பக்கமாக வளைந்து வளர்ந்திருந்தது. இதழ் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காம்பில் செருகுவதெல்லாம் அந்த விரல்தான். நாங்கள் மூவரும் பின் வரிசைக் கதிரைகளில் இருந்தோம். மேடையில் ஐயர் மந்திரம் சொல்ல, அன்ரி பூவைக் கையில் வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கருவி வீட்டில் இருந்தது. யான் வரிக்கு வரி எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள், இடையிடையே நிறுத்தினாள், பிறகு தொடர்ந்தாள்.

முதலில் பொம்மைத் தொழிற்சாலையாம். பிறகுதான் பூ. அங்கே இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, இவ்வளவு செவ்வந்தி யாருக்கு? கப்பல் கப்பலாகப் போகிறதே, அந்த நாட்டில் சனம் ஓயாமல் சாகிறதோ? சிலர் பயந்து வேலையை விட்டுப் போனார்கள். அன்ரியால் போக முடியவில்லை. ஆனால் சாவுப் பூ செய்த கையோடு, அந்த மணத்தோடு, புதுவருட நாளில் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் எப்படிப் போவது? தகப்பன் ஏற்கெனவே போய்விட்ட பிள்ளை.

"அதுதான் வரேல்லையாம்," என்றாள் யான். "ரயிலில இடமும் கிடைக்கிறேல்லைத்தானாம், புதுவருசத்துக்கு நிண்டு வேலை செய்தா இரட்டைச் சம்பளமுமாம். ஆனா உண்மையான காரணம் இதுதானாம். தன்ர கை எனக்குக் கூடாது எண்டு நினைச்சவாவாம்."

பிறகு யான் தாயிடம் சீனத்தில் ஏதோ சொன்னாள். அதை எனக்கு அவள் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாயின் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதே நேரம் மேடையில் தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்ட, சனமெல்லாம் எழும்பி அறுகரிசி தூவ, அன்ரி திடுக்கிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். முதலில் வாயைப் பொத்தி, பிறகு பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தார். அழுதுகொண்டே யானும் சிரித்தாள். "கலியாணத்துக்காம்! எல்லாம் கலியாணத்துக்காம்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். தன்னோடு வேலை செய்த பெண்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாய்ச் சொன்னாராம், அவர்களும் அங்கே நிற்பதுபோல.

அந்த மனுசியை அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை. மணவறையின் இடப்பக்கத்தில் ஒரு மாலை அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அன்ரி விறுவிறுவென்று போய் அதில் கை வைத்தார். அலங்காரக்காரப் பெடியன் பதறி ஓடி வந்தான்.

"அன்ரி, தொடாதேங்கோ! விழுந்திடும்!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவர் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, நான்கு பூவை நெரித்து நிமிர்த்தி, மாலையை இருந்ததைவிட அழகாக்கிவிட்டார். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். யோகண்ணையும் வந்திருந்தார். "எங்கட சாமான்தான்," என்று பெருமையாகச் சொல்ல வந்தவர், விசயத்தைக் கேட்டதும் அப்படியே கைகூப்பினார். "பிள்ளை, அவவுக்குச் சொல்லும், லண்டனில இருக்கிற முழுத் தமிழ்ச் சனமும் அவவின்ர பூவுக்குக் கீழ நிண்டுதான் தாலி கட்டினது எண்டு." யான் சொன்னாள். அன்ரி பதிலுக்குக் குனிந்து வணங்கினார். இருவரும் மாறி மாறி வணங்கிக்கொண்டு நின்றார்கள், யார் நிறுத்துவது என்று தெரியாமல்.

சிவப்புப் பொட்டலத்தை மணமக்களிடம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். கையால் சாப்பிட்டார். வடையை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினார். பந்தி முடிந்து பாட்டுப் போட்டபோது என் மச்சாள்மார் அவரை நடுவில் விட்டுச் சுற்றி ஆடினார்கள். கையை மேலே தூக்கி, விரல்களை மடக்கி விரித்து அவர் ஒரு ஆட்டம் ஆடினார். பிறகு பார்த்தால் எல்லாருமே அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்நேரம் ட்ராமில் ஏற்றிவிட, அது வெளிக்கிட முதலே யானின் தோளில் சாய்ந்து அன்ரி நித்திரையாகிவிட்டார். யான் அசையாமல், யன்னலைப் பார்க்காமல், தாயின் தலையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இதையெல்லாம் ஆய்வேட்டில் எழுதலாமா என்று யான் மூலமாக அன்ரியிடம் கேட்டேன். பெயர் வேண்டாம், ஆனால் எழுதலாம் என்றார் அன்ரி. "பூ கலியாணத்துக்கு எண்டதை மறக்காமல் எழுதச் சொல்லு," என்றாராம். எழுதினேன். ஆசிரியை ஓரத்தில், இந்தப் பேட்டியின் ஒலிப்பதிவு எங்கே என்று சிவப்பில் எழுதி, பிறகு தானே அதை வெட்டியிருந்தார். நல்ல புள்ளி வந்தது. ட்ரைவிங்கும் அதே வருடம் பாஸ் பண்ணினேன், ஆறாவது முறையில். என் கணவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேக் வாங்கினார்.

இப்போது அந்தப் படிப்பு இல்லை. சேர ஆட்கள் குறைந்து நிறுத்திவிட்டார்கள். ஆசிரியை ஓய்வுபெற்றுக் கடலோரம் எங்கேயோ போய்விட்டார். யோகண்ணையின் களஞ்சியம் இருந்த இடத்தில் பால்கனி வைத்த மாடிக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. அன்ரி வேலை செய்த தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டதாம். இளம் பெண்கள் அந்த வேலைக்கு வருவதில்லையாம், பூ செய்கிற வேலை வேறு நாடுகளுக்குப் போய்விட்டதாம். லில்லி எங்கே என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

யான் சீனாவுக்குத் திரும்பித் தென்மேற்கில் ஒரு நகரத்தில் படிப்பிக்கிறாள். அன்ரி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கறிக்கு உப்புக் கூட, உப்புக் குறைய என்று இருவரும் தினமும் சண்டை பிடிக்கிறார்கள் என்று யான் எனக்குக் குரல்செய்தி அனுப்புவாள். அந்தக் குரலில் இருக்கும் சந்தோசத்தைக் கேட்க வேண்டும் நீங்கள்.

இந்த வருடம் இருவரும் ஒரு பயணம் போயிருக்கிறார்கள், ஊரிலிருந்து அந்தத் தெற்குக் கரைக்கு, அன்ரியின் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க. முந்தி பச்சை நிற ரயில் ஒன்றரை நாள் எடுக்கும். பிள்ளையை விட்டுவிட்டு ஏறினால் அன்ரி அழுதுகொண்டே போவாராம். மலைக்குள் ஒரு நீளமான சுரங்கம் வரும், அந்த இருட்டுக்குள் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, அது முடிந்து வெளிச்சம் வரும்போது மற்றப் பெண்களோடு கதைக்கத் தொடங்குவாராம். இப்போது புதுப் பாதையில் அதிவேக ரயில், ஆறு மணித்தியாலம் கூட இல்லை. அன்ரி அந்தச் சுரங்கத்தை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று யன்னலோரம் இருந்திருக்கிறார். சுரங்கத்துக்கு மேல் சுரங்கம் வந்தது. ஒவ்வொன்றிலும் யான், "இதுவோ அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார் அன்ரி. கடைசியில் கடல் வந்துவிட்டது.